மீட்டருக்கு ஒரு ஷில்லிங்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அக்கம்பக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். திண்ணை, முடுக்கு, ஒரு வீட்டுக் குழம்பு நாலு வீட்டுக்குப் போவது, எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி. வெள்ளைக்காரன் நாட்டில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதாம், கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிற ஜனங்களாம். அந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். கட்டுரையாளர் எந்த வருஷத்தில் எந்த ஊர் வெள்ளைக்காரரைப் பார்த்தாரோ, நான் பார்த்தவர்கள் வேறு. கடிதம் கொஞ்சம் நீளும். இடம் இல்லை என்றால் முன்னால் இருப்பதை வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் இருப்பதை வெட்டாமல் அப்படியே போடுங்கள்.

நான் செங்கோட்டைக்காரி. தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை, அதாவது 1969 அக்டோபர் முதல் 1976 ஆகஸ்ட் வரை, நான் வளர்ந்தது இங்கிலாந்தில், லங்காஷயரில் இருக்கிற பிளாக்பர்ன் என்ற மில் ஊரில். அம்மா திருவனந்தபுரத்தில் படித்த நர்ஸ். அங்கே ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகள் தேவைப்பட்ட காலம், அவள் முதலில் போனாள். இரண்டு வருஷம் கழித்து அப்பாவும் நானும். இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அப்பா அங்கே போய் பஸ் கண்டக்டர் ஆனார். கிளம்புகிற அன்று தாத்தா வாசலில் நின்று, "வாஞ்சி பொறந்த ஊர்ல இருந்து வெள்ளைக்காரன் ஊருக்குச் சோறு தேடிப் போறியளாக்கும்" என்றார். கோபமா கேலியா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நாங்கள் இருந்தது வரிசை வீடு. ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம், அப்படியே தெரு முனைவரை. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கக்கூஸ் புறவாசலில், குளிரில் ராத்திரி போவதென்றால் கோட்டு மாட்டிக்கொண்டு போக வேண்டும். புறவாசல் கதவைத் திறந்தால் கல் பாவிய சந்து, அதற்கு அங்கிட்டு அடுத்த தெருவின் புறவாசல்கள். அம்மா அதை முதல் நாளே "முடுக்கு" என்றாள், நாங்கள் இருந்தவரை அது முடுக்குதான். முன்வாசல் அஞ்சல்காரருக்கும் டாக்டருக்கும். மற்ற எல்லாப் போக்குவரத்தும் முடுக்கில். திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள், எல்லா வீட்டுக்கும் அதே நாள், முடுக்குக்குக் குறுக்கே கொடி கட்டி விரிப்பும் சட்டையும் காயும். அந்த நேரம் பார்த்துக் கரி வண்டி வந்துவிட்டால் பொம்பளைகள் எல்லோரும் ஓடி வந்து கவைக் கம்பால் கொடியைத் தூக்கிப் பிடிப்பார்கள், வண்டிக்காரர் குனிந்தபடி ஓட்டிப் போவார், யாருடைய வெள்ளை விரிப்பிலாவது கரி பட்டுவிட்டால் அப்புறம் அந்த மனுஷர் காதில் விழுவதெல்லாம் அர்ச்சனைதான்.

இடது பக்கத்து வீட்டில் இருந்த அம்மாளை நாங்கள் வீட்டுக்குள் "தறி ஆச்சி" என்று சொல்வோம். பதின்மூன்று வயதில் தறிக்குப் போனவள், நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றவள். நாங்கள் போனபோது வயது அறுபது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பிளாக்பர்னில் நெசவு மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த சமயம் அது, தெருவில் பாதிப் பேர் ஒரு காலத்தில் தறியில் நின்றவர்கள். நூற்றுக்கணக்கான தறி ஒரே ஷெட்டில் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்த ஊர் நெசவுக்காரிகள் சத்தம் இல்லாமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள், எதிரில் இருப்பவள் உதட்டைப் படித்துக்கொள்வாள். இதற்கு அவர்களிடம் ஒரு பெயர்கூட உண்டு, "மீ மா" என்பார்கள். தறி ஆச்சிக்குக் காது பாதி போய்விட்டது, மில்லை விட்டு வந்த பிறகும் அதே பேச்சுதான். முடுக்குச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, அடுத்த தெருக்காரியிடம் ஒரு சத்தமும் இல்லாமல் அரை மணி நேரம் ஊர்வம்பு பேசுவாள்.

எனக்கு இங்கிலீஷ் வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, இவள் உதட்டில். ஒவ்வொரு எழுத்தையும் வாயை அகட்டி, பல்லைக் காட்டி, கன்னத்தை உப்பிச் சொல்வாள். அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி, அப்பாவுக்கு ஷிஃப்ட், பள்ளிக்கூடம் விட்டால் நான் தறி ஆச்சி வீட்டில்தான். இன்றைக்கும் நான் யாரிடமாவது முக்கியமாக ஒன்றைச் சொல்லும்போது வாயைத் தேவைக்கு மேல் திறக்கிறேன் என்று மருமகள் கிண்டல் பண்ணுகிறாள்.

அங்கே பொம்பளைகள் எதிரில் வருகிற யாரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற கிழவிகள் எல்லாம் அப்பாவை "லவ்" என்றதில் முதல் வாரம் மனுஷர் அரண்டுபோய் அம்மாவிடம் வந்து சொன்னார். நம் பக்கம் "தாயி" என்கிறோமே அதேதான் என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

வேட்டிக் கதையைச் சொல்ல வேண்டும். வந்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, அப்பாவின் வேட்டியை அம்மா முடுக்கில் காயப் போட்டிருந்தாள். தறி ஆச்சி வெளியே வந்தாள், நின்றாள், கொடியருகே போனாள். கேட்காமல் கொள்ளாமல் வேட்டியின் ஓரத்தைக் கையில் எடுத்துக் கரையைக் கட்டைவிரலால் தடவினாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, "டூட்டி!" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி டியூட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்து அம்மா "இன்றைக்கு ராத்திரி" என்று பதில் சொன்னாள். அவள் விடவில்லை. வேட்டியைப் பிடித்து ஆட்டி மறுபடியும் "டூட்டி, டூட்டி." அப்பாவுக்குத்தான் சட்டென்று பிடிபட்டது. தோத்தி! பிளாக்பர்ன் தறிகள் இந்தியாவுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வேட்டி நெய்து அனுப்பியவை. அவர்கள் வாயில் அது "டூட்டி." கரை வைத்து நெய்வது தனி வேலை, அதில் இருந்தவள் இவள். உலகத்தில் எந்த மனுஷன் இதை எப்படிக் கட்டுவான் என்று தெரியாமலே வருஷக்கணக்காக நெய்திருக்கிறாள். அப்பா உள்ளே போய் இன்னொரு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து முடுக்கில் நின்று காட்டினார். அந்தக் குளிரில்! நாலு வீட்டுப் பொம்பளைகள் வந்து பார்த்தார்கள்.

அது எங்கே நெய்தது என்று கேட்டாள். சங்கரன்கோவில் தறி என்றார் அப்பா. இன்னொரு தடவை கரையைப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் நூல் விட்டிருக்கிறது, எங்கள் ஷெட்டில் இதற்குச் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள் என்றாள்.

எங்கள் பட்டாசலில் ஊரிலிருந்து கொண்டுபோன காலண்டர் ஒன்று தொங்கியது, காந்தி படம் போட்டது. பட்டாசல் என்றால் அந்த முன்னறைதான், நாங்கள் வைத்த பெயர். தறி ஆச்சி அதைப் பார்த்ததும் கை நீட்டினாள். வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தி 1931 செப்டம்பரில் மில் தொழிலாளர்களைப் பார்க்க டார்வென் வந்தாரே, அந்த டார்வென் எங்களுக்கு எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. நம் அன்னியத் துணிப் பகிஷ்காரத்தில் வேலை போனவர்கள் நிறைந்த ஊர். இவளுடைய அக்கா அங்கே தறியில் இருந்தவள், நேரில் பார்த்திருக்கிறாள். மில்காரிகள் அவரைச் சுற்றி நின்று கை தூக்கி ஆரவாரம் செய்கிற போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலை போன ஆத்திரம் இல்லையா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். இருந்தது, எங்கள் அப்பா அந்த மனுஷரைத் திட்டாத நாள் இல்லை, ஆனால் அவரைப் பார்க்கப் போகாதவரும் இல்லை என்றாள். வாஞ்சி ஊர்க்காரரும் டூட்டி நெய்தவளும் அந்தக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார்கள். எனக்கு அப்போது பிஸ்கட் டப்பாவில்தான் கண்.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு "டின்னர்", சாயங்காலம் ஐந்து மணிச் சாப்பாட்டுக்கு "டீ." வலது பக்கத்து வீட்டுக்காரர்கள், ஐந்து பிள்ளைகள் உள்ள லாரி டிரைவர் குடும்பம், எங்களை "டீ"க்குக் கூப்பிட்டார்கள். ஒரு சாயாதானே என்று அம்மா எங்களுக்கு ரசம் சோறு போட்டு வயிற்றை நிரப்பிக் கூட்டிப்போனாள். அங்கே மேஜை நிறைய உருளைக்கிழங்கும், "பை" என்கிற மாவுப் பண்டமும், ரொட்டியும். மறுக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. அப்பா தின்றார், பாவம்.

இனி மீட்டர். காஸ் அடுப்புக்கும் குளிர் காயும் கணப்புக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே ஒரு மீட்டர், அதில் ஒரு ஷில்லிங் காசைப் போட்டுத் திருகினால் அந்தக் காசு தீருகிறவரை காஸ் வரும். தீர்ந்தால் நின்றுவிடும், சொல்லிக்கொண்டு நிற்காது. சோறு பாதி வெந்திருக்கும்போது, தலையில் ஷாம்பு நுரையோடு நான் நிற்கும்போது, பொசுக்கென்று அணையும். வீட்டில் நோட்டு இருக்கும், பென்னி இருக்கும், ஷில்லிங் இருக்காது. அப்போது அம்மா அடுக்களைச் சுவரில் கரண்டிக் காம்பால் மூன்று தட்டு தட்டுவாள். தறி ஆச்சிக்குக் காது கேட்காது, சரிதான், ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய கோப்பை அலமாரி. கோப்பைகள் கொக்கியில் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஷில்லிங்கோடு முடுக்குக் கதவில் வந்து நிற்பாள். அவளுக்கு வேண்டுமென்றால் மூன்று தட்டு எங்கள் பக்கம் கேட்கும், நான் ஓடுவேன். உறை மோர் வாங்குவது, அடுப்புக்குக் கங்கு வாங்குவது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தாரே, அது இதேதான். கேட்க வேண்டிய ஒன்று இரண்டு வீட்டிலும் இருந்தது, அதனால் கதவு திறந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காஸ் கம்பெனி ஆள் வந்து மீட்டர்ப் பெட்டியைத் திறந்து காசை மேஜைமேல் கொட்டுவார். இருபது இருபதாக அடுக்கி, பவுன் கணக்குப் பார்த்து, நாம் எரித்ததற்கு மேல் விழுந்திருப்பதைத் திருப்பித் தருவார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. திருப்பிக் கிடைத்ததில் இரண்டு ஷில்லிங்கை அம்மா தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பாள், தறி ஆச்சிக்குத் தர வேண்டிய பாக்கி என்று. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அந்த ஏழு வருஷத்தில் தீரவே இல்லை. சாகிறவரை அம்மா சொல்வாள், "ஏட்டி, அவளுக்கு ஒரு ஷில்லிங் பாக்கி நிக்கி" என்று.

வாசல்படியைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. தெருவிலே வயசான பொம்பளைகள் வாரத்துக்கு ஒரு நாளாவது மண்டிபோட்டு முன்வாசல் கல்படியைக் கழுவி, ஓரத்தில் ஒரு கல்லால் தேய்த்து வெள்ளையோ சந்தன நிறமோ ஏற்றுவார்கள். டாங்கி ஸ்டோன் என்று அதற்குப் பெயர், கல்லில் கழுதை படம் இருக்கும். படி தேய்க்காத வீட்டைப் பற்றி முடுக்கில் சத்தமில்லாத உதட்டுப் பேச்சு ஓடும். எங்கள் வீட்டைப் பற்றியும் ஓடியிருக்கும். மார்கழி பிறந்த அன்று அம்மா விடியுமுன்னே எழுந்து அந்தப் படியில் அரிசிமாவால் ஒரு சின்ன சிக்குக் கோலம் போட்டாள். அன்று காலை தறி ஆச்சி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் படியில் தேய்த்த வெள்ளை ஓரத்துக்கு நடுவில் கல்லாலேயே நாலு புள்ளி வைத்திருந்தாள். கோணலாக இருந்தது. இந்தக் கல்லை எங்கே வாங்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பழைய துணி வாங்குகிறவர் குதிரை வண்டியில் முடுக்குக்குள் வருவார், கந்தல் போட்டால் கல் கொடுப்பார். நம் ஊரில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரேதான், வண்டியும் குரலும் வேறு.

நவம்பர் 5 அன்று தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பழைய சட்டைக்குள் காகிதம் திணித்து ஒரு பொம்மை செய்து எரிப்பார்கள். 1605-இல் பார்லிமென்டுக்கு வெடி வைக்கப் பார்த்தவனாம். அதை நான் ஆச்சிக்கு, அதாவது என் சொந்த ஆச்சிக்கு எழுதினேன். "அங்கேயும் சூரசம்ஹாரம் உண்டா, நல்லது" என்று பதில் வந்தது. நெருப்பு எரிவது எனக்கு நம் சொக்கப்பனை மாதிரிதான் இருந்தது, அதைச் சுற்றி நின்று இஞ்சி போட்ட ஓட்ஸ் கேக் தின்றதுதான் வித்தியாசம்.

பள்ளிக்கூடம் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. இரண்டு விஷயம். 1968-லிருந்து 71 வரை அந்த நாட்டில் குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியே வைத்து ஒரு பரீட்சை பார்த்தார்கள், டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கும் எங்களுக்கு விடியாது, இருட்டில் வரிசையாகப் பள்ளிக்கூடம் போவோம். இன்னொன்று பால். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றில் ஒரு பைண்ட், கிட்டத்தட்ட 190 மில்லி, சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் இலவசமாக. கணப்புக்குப் பக்கத்தில் வைத்து அதை வெதுவெதுப்பாக்கி நாற வைத்துத் தருவார்கள். 1971-இல் ஏழு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு அதை நிறுத்தினார் அன்றைய கல்வி மந்திரி மார்கரெட் தாட்சர். நாடே திட்டியது. எட்டு வயதான எனக்கு அவர் தெய்வம்.

அதே 1971 ஆரம்பத்தில்தான் இரண்டு விஷயம் ஒன்றாக வந்தது, இரண்டிலும் தறி ஆச்சி உண்டு. ஜனவரி 20 முதல் தபால்காரர்கள் வேலைநிறுத்தம், ஏழு வாரம். ஒரு கடிதம் கிடையாது. வாரத்துக்கு ஒரு நீலக் கடிதம் செங்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த வீடு எங்கள் வீடு. அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் கதவுத் துவாரத்துக்குக் கீழே தரையைத்தான் முதலில் பார்ப்பாள், வேலைநிறுத்தம் என்று தெரிந்தும் பார்ப்பாள். மூன்றாவது வாரம் ஒரு காலை, துவாரம் வழியாக ஒரு உறை விழுந்தது. ஸ்டாம்ப் இல்லை. அம்மா பெயர் எழுதியிருந்தது, எழுத்துப் பிழையோடு. உள்ளே அரைப் பக்கம்: "நான் பக்கத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை பெய்கிறது. உங்கள் ஊரில் எப்படி?"

அம்மா அன்று சிரித்ததை நான் பார்த்தேன். அழுததையும் பார்த்தேன், அதைச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமே பதில் எழுதி என்னிடம் கொடுத்து அவள் துவாரத்தில் போடச் சொன்னாள். வேலைநிறுத்தம் முடிகிறவரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிய தபால்காரி நான்தான். பின்னாளில் நான் இந்த வேலைக்குப் போனதற்கு அதுதான் காரணமா என்றால், இல்லை, பரீட்சை எழுதினேன், கிடைத்தது.

இன்னொன்று காசு. பிப்ரவரி 15, திங்கட்கிழமை, நாடு முழுக்கத் தசமக் கணக்குக்கு மாறியது. அதுவரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன், ஆக 240 பென்னி. அன்று முதல் பவுனுக்கு 100. கிழவிகள் பஸ்ஸில் கையில் சில்லறையை விரித்து அப்பாவிடம் நீட்டி, நீயே எடுத்துக்கொள் லவ் என்பார்கள். தறி ஆச்சி மட்டும் ஒப்பவில்லை, தன்னை ஏமாற்றத்தான் இதெல்லாம் என்றாள். அப்பா ஒரு ராத்திரி அவள் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து காசைப் பரப்பினார். எனக்கு இது மூன்றாவது தடவை என்றார். அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம், புழங்கியது சக்கரமும் பணமும். 16 காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சமஸ்தானம் போனதும் அணாக் கணக்கு. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்து அணாவும் போயிற்று. அதற்கு முந்தின நவம்பரில் ஊரே கேரளம் இல்லாமல் சென்னை ராஜ்யத்துக்கு மாறியிருந்தது.

தறி ஆச்சி பென்சிலை எடுத்து 16-ஐ 28-ஆல் பெருக்கினாள். "ஒரு ரூபாய்க்கு 448 காசா?" என்று இந்தத் தடவை சத்தமாகவே கேட்டாள். "எங்கள் ராஜா கணக்கு தெரிந்தவர்" என்றார் அப்பா. அவள் சிரித்த சிரிப்பில் கோப்பைகள் ஆடின. அப்புறம் ஒத்துக்கொண்டாள், 448 எண்ணியவன் பிழைத்திருக்கிறான் என்றால் நூறு எண்ண எனக்கென்ன என்று. புது ஐந்து பென்ஸ் காசு பழைய ஷில்லிங் அளவிலேயே இருந்ததால் மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் அதையும் ஷில்லிங் என்றே சொன்னோம்.

சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் 1972-லும், மறுபடி 74 தொடக்கத்திலும் கரண்ட் திண்டாட்டம். வாரத்தில் மூன்று நாள்தான் ஆலைகள் ஓடலாம் என்று அரசாங்கமே சொன்ன காலம். எந்தப் பகுதிக்கு எப்போது இருட்டு என்று பேப்பரில் அட்டவணை வரும். செங்கோட்டைக்காரர்களுக்கு இருட்டு ஒரு பெரிய காரியமா? அப்பா ஒரு லாந்தரை வாங்கி வந்து வலது வீட்டு ஐந்து பிள்ளைகளையும் என்னையும் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பழைய வாத்தியாருக்கு அதுதான் அந்த நாட்டில் கிடைத்த ஒரே வகுப்பு.

எல்லாம் இப்படியே இருந்தது என்று சொன்னால் பொய். எதிர்வீட்டு மனுஷர் ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தலை அசைக்கவில்லை. பனி கொட்டிய நாளிலும் இல்லை, அம்மா அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகும் இல்லை. முடுக்குச் சுவரில் கரியால் எழுதினார்கள், நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் யாரோ கழுவியிருப்பார்கள், சில நாள் கழுவ நேரம் இருந்திருக்காது. 1976 மே மாத நகராட்சித் தேர்தலில், எங்களைப் போன்றவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று சொன்ன கட்சி பிளாக்பர்னில் இரண்டு இடம் ஜெயித்தது. ஆகஸ்டில் நாங்கள் கிளம்பினோம். ஊரில் என் சொந்த ஆச்சிக்கு முடியவில்லை, அதனால் வந்தோம் என்பார் அப்பா. அம்மா காரணம் சொன்னதே இல்லை.

அந்தக் கோடையில் இங்கிலாந்தில் மழையே இல்லை, புல்வெளியெல்லாம் வைக்கோல் நிறம். அங்கே அப்படி விட்டுவிட்டு கொல்லம் மெயிலில் வந்து இறங்கினால் இங்கே குற்றாலச் சாரல் முகத்தில் அடிக்கிறது. மாத முடிவில் தறி ஆச்சி எழுதினாள், வறட்சிக்கென்று தனியாக ஒரு மந்திரியைப் போட்டார்கள், போட்ட சில நாளில் மழை கொட்டிவிட்டது என்று. ரிஷ்யசிருங்கர்தான் என்றார் தாத்தா.

செங்கோட்டையில் எனக்கு அக்கம்பக்கம் புதிதாக இல்லை. தட்டச் சுவர் இருந்தது, தட்டினேன், பக்கத்து வீட்டு அத்தை என்னவென்று கேட்டாள். இன்றைக்கு அதே தெருவில் எங்கள் வரிசையில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒன்றில் கேமரா மட்டும் இருக்கிறது, காலிங்பெல் அடித்தால் சென்னையிலிருந்து ஒரு குரல் "யாரு?" என்கிறது. இதைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. தறி ஆச்சியின் கடிதம் கிறிஸ்துமஸுக்கு ஒன்று தவறாமல் வந்துகொண்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பிப்ரவரி மாதம், காலைக் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வெளிநாட்டு உறை கைக்கு வந்தது. எங்கள் அப்பா பெயர், தெரு, செங்கோட்டை, எல்லாம் சரி. அதற்குக் கீழே "திருவிதாங்கூர்" என்று எழுதியிருந்தாள். அந்த 448 காசுக் கதை அவள் மனதில் அப்படியே நின்றுவிட்டது போல. திருவனந்தபுரம் முத்திரை ஒன்று, கொல்லம் முத்திரை ஒன்று, ஆரியங்காவு முத்திரை ஒன்று, ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் மலையாளத்தில் எழுதித் தமிழ்நாட்டுக்குத் திருப்பியிருந்தார்கள். ஆறு வாரம் சுற்றியிருக்கிறது. நானே அதில் எங்கள் ஆபீஸ் முத்திரையைக் குத்தி, மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோனேன்.

உள்ளே வழக்கம்போல அரைப் பக்கம். மழை பெய்கிறதாம். காஸ்காரர்கள் வந்து பழைய மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், இனிமேல் காசு போட வேண்டாம், பில் தபாலில் வருமாம். பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்ன வயசுத் தம்பதி வந்திருக்கிறார்கள், நல்லவர்கள் மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் வந்து நாலு மாதம் ஆகிறது, கோப்பைகள் இன்னும் ஒரு தடவைகூட ஆடவில்லை என்று எழுதியிருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
செங்கோட்டை.